பூங்கா, உடல், கையெழுத்து: கூட்டமாக நடப்பது குறித்துச் சில குறிப்புகள்

கூட்டமாக நடப்பது பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் ‘ஊர்வலத்தைப் பத்தியா?’ என்று கேட்டார். இல்லை, காலையில் பூங்காவில் குழுவாக நடக்கிறார்களே, அதைப் பற்றி என்றேன். சிரித்தார். ‘சர்க்கரை வந்ததும் சித்தாந்தம் போயிடுச்சா தோழர்?’ போகவில்லை. ஐந்தரை மணிக்கு எழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டு அதுவும் என்னோடுதான் நடக்கிறது. சென்னையில் நான் குடியிருக்கும் பகுதியில் உள்ள ஒரு பூங்காவில் நடைக் குழு ஒன்றில் சேர்ந்து எனக்கு மூன்று வருடமாகிறது. பூங்காவின் பெயர் வேண்டாம். இனி சொல்லப்போவதில் கூச்சப்பட வேண்டியவன் நான்.

தனியாக நடக்கத்தான் போனேன். இரண்டாவது வாரமே வழிமறித்து, ‘தனியா நடந்தா நாலு நாள்ல விட்ருவீங்க சார், எங்களோட வாங்க’ என்று சேர்த்துக்கொண்டார்கள். குழுவில் நாற்பது பேருக்கு மேல். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள், ஒரு பல் மருத்துவர், ஜவுளிக்கடை முதலாளி, மின்வாரியத்தில் இருந்தவர்கள், இவர்களுடைய மனைவியர், தனியாக வரும் பெண்கள் ஏழெட்டுப் பேர். மாதம் நூறு ரூபாய் சந்தா. குழுவின் பெயர் அச்சடித்த பனியன். ஐந்தே முக்காலுக்கு வாசலில் கூடிக் கை கால் உதறி, எட்டுச் சுற்று நடந்து, கடைசியில் வட்டமாக நின்று கை தட்டிச் சிரிக்க வேண்டும். இந்தச் சிரிப்பு 1995இல் மும்பையில் ஒரு பூங்காவில் மதன் கட்டாரியா என்கிற மருத்துவர் ஐந்து பேரோடு ஆரம்பித்தது. காரணமே இல்லாமல் சிரித்தாலும் உடம்பு அதை நிஜச் சிரிப்பாகவே எடுத்துக்கொள்ளும் என்பது அதன் தத்துவம். எனக்கு முதல் நாள் சிரிப்பு வரவில்லை. போகப் போகப் பழகிவிடும் என்றார்கள். பழகிவிட்டது என்பதுதான் பிரச்சினை.

முதல் சில மாதங்களில் நான் செய்த வாசிப்பு நமக்கெல்லாம் கைவந்த வாசிப்பு. எல்லோரும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் ஒருவர் வந்தால் முறைக்கிறார்கள். எல்லோர் மணிக்கட்டிலும் அடிகளை எண்ணும் கடிகாரம். நாளைக்குப் பத்தாயிரம் அடி என்பதை வேதவாக்காகச் சொல்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த வருடம், 1965இல், ஜப்பானிய நிறுவனமொன்று விற்பனைக்குக் கொண்டுவந்த அடியளவியின் பெயரே அந்த எண். மருத்துவ ஆய்வு எதிலிருந்தும் அது பிறக்கவில்லை. விளம்பரம் உடலுக்குள் இறங்கி உடலே அதைத் தன் கடமையாகச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறது. ஃபூக்கோவைப் படித்தவனுக்கு இதைவிட நல்ல விருந்து கிடைக்குமா? கண்காணிப்புக் கோபுரம் தேவையில்லை, மணிக்கட்டிலேயே கட்டிவிடலாம் என்று ஒரு கட்டுரை மனசுக்குள் தயாராகிக்கொண்டிருந்தது. 1839 வாக்கில் பாரிஸில் ஆமையோடு உலாவுவது நாகரிகமாக இருந்தது என்று பெஞ்சமின் குறித்துவைத்திருக்கிறார். அந்த ஆமையையும் அதில் எங்காவது நுழைத்துவிட எண்ணியிருந்தேன்.

அந்தக் கட்டுரையை எழுதவிடாமல் செய்தவர் குழுவில் ஒரு பெண். அறுபதை நெருங்குகிறவர். சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டு, சுற்றுகளின் நடுவே யாருக்காகவும் நிற்காமல் நடப்பவர். இந்தக் கடிகாரம், பனியன், கைதட்டல் பற்றி நான் கிண்டலாக ஏதோ சொன்னபோது, ‘உங்களுக்கு இது சும்மா சார். நீங்க எங்க வேணா நடக்கலாம். எனக்குக் கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம். ஒரு வேலையும் இல்லாம வீட்டை விட்டு வெளிய வந்தது இங்கதான். குரூப்புன்னு சொன்னதாலதான் விட்டாங்க’ என்றார். பிறகு ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மிஷெல் தெ செர்த்தோ நகரத்தில் நடப்பவர்களைப் பற்றி எழுதியது நம் பத்திரிகைகளில் போதுமான அளவு பேசப்பட்டிருக்கிறது. உலக வர்த்தக மையத்தின் 110ஆவது மாடியிலிருந்து நகரத்தை ஒரு பிரதியாகப் பார்க்கிற கண் ஒன்று. கீழே நடந்து நடந்தே அந்தப் பிரதியை எழுதுகிற, ஆனால் அதை வாசிக்க முடியாத கால்கள் இன்னொன்று. திட்டத்தின் மேல் தந்திரத்தால் எழுதுதல். எனக்குப் பிடித்த பகுதி அது. ஆனால் தெ செர்த்தோவின் நடையாளரை யாரும் ‘எங்க போற?’ என்று கேட்பதில்லை. குறுக்கு வழியில் புகுந்தால் அது அவருக்குக் கவித்துவம். நம்ம ஊரில் ஒரு பெண் குறுக்கு வழியில் புகுந்தால் அதற்கு வேறு பெயர். தனியாக அலைந்து திரிவதைச் சுதந்திரத்தின் உச்சம் என்று பேசிய நாம், கூட்டம் என்கிற சாக்கு யாருக்குத் தேவைப்படுகிறது என்று கேட்டதே இல்லை. ஆக, குழு நடை வெறும் ஒழுங்குபடுத்தல் என்கிற என் முதல் வாசிப்பு அரைகுறையானது. அதே வட்டம் ஒருவருக்குக் கடிவாளம், இன்னொருவருக்குக் கதவு.

ஆனால் கதவு என்றால் அதற்கு வெளியே நிற்பவர்களும் உண்டு.

சென்னையில் வேறொரு வகைக் குழு நடையும் இருக்கிறது. 1978 முதல் இயங்கும் சென்னை இயற்கையாளர் சங்கம் போன்றவை பறவை பார்க்க நடக்கின்றன. ‘நிழல்’ அமைப்பு நெடுநாளாக மர நடைகள் நடத்துகிறது. ஆகஸ்டில் சென்னை நாளை ஒட்டி வாரக்கணக்கில் பாரம்பரிய நடைகள். நல்ல காரியங்கள். மரத்தை வெட்டும்போது தடுக்க ஆள் வேண்டுமென்றால், அதன் பெயர் தெரிந்த ஆள் முதலில் வேண்டும். இவற்றைப் பார்த்து உற்சாகமாகி எங்கள் குழுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மர நடை ஏற்பாடு செய்தது. தாவரவியல் தெரிந்த ஓர் இளைஞரைக் கூட்டிவந்தார்கள். விஷயம் தெரிந்த பையன். தூங்குமூஞ்சி மரம் தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது, செம்மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது, நாம் சென்னையின் மரங்கள் என்று நினைப்பவற்றில் பாதி குடியேறிகள், 2016 டிசம்பர் வர்தா புயலில் வேரோடு சாய்ந்தவற்றில் இந்த வெளியூர் மரங்கள் ஏராளம் என்று சுவையாகச் சொன்னார். எல்லாம் ஆங்கிலத்தில். பெயர்கள் லத்தீனில். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் தமிழ் தெரியாதவர் ஒரே ஒருவர்.

ஒரு புங்க மரத்தடியில் நின்று அதன் லத்தீன் பெயரை இரண்டு முறை சொல்லிக்கொண்டிருந்தபோது பூங்காவைப் பெருக்கும் அம்மா விளக்குமாற்றோடு ஓரமாக நின்றிருந்தார். நாங்கள் நகர்ந்தால்தான் அவர் பெருக்க முடியும். பேச்சுக் கொடுக்கிற மாதிரி ‘இந்த மரம் தெரியுமாம்மா?’ என்று கேட்டேன் – கேள்வியின் அசட்டுத்தனம் இப்போது புரிகிறது. ‘புங்கம் சார். மாசில எல்லா எலையும் கொட்டிடும், ஒரு வாரம் மொட்டையா நிக்கும், அப்புறம் பளபளன்னு தளுக்கும். எலை பரவால்ல. பூ கொட்டுதே, அதான் பேஜாரு. பொரி மாதிரி தரையெல்லாம் எறைஞ்சு கெடக்கும். ஈரத்துல ஒட்டிக்கும். வாரவே வராது.’

பொரி மாதிரி. சங்கப் புலவர்கள் புன்க மலரைப் பொரியோடு ஒப்பிட்டிருக்கிறார்கள்; தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். அந்த உவமை ஒரு துறை வழக்காக உரைகாரர்கள் வழியே என்னிடம் வந்து சேர்ந்தது. இந்த அம்மாவுக்கு விளக்குமாற்று முனையில் கிடைத்தது. இதை வைத்து மரபு இன்னும் மக்கள் வாயில் உயிரோடு இருக்கிறது என்று புல்லரித்துக்கொள்ள நான் தயாரில்லை. அவர் சொன்னதில் ஒரு சொல் கூடுதலாக இருந்தது: பேஜாரு. அழகை ரசித்தவர்களின் பாட்டில் அதைக் கூட்டிப் பெருக்குகிற வேலை இல்லை. எந்த மரம் எப்போது கொட்டும், எது எத்தனை கூடை, எந்தக் கிளையில் எறும்பு, எது அடுத்த காற்றுக்கு நிற்காது என்பது அவருக்குத் தெரியும். நடையின் ஏற்பாட்டாளர்களில் எவருக்கும் – எனக்கும்தான் – அவரிடம் கேட்கலாம் என்று தோன்றவில்லை. அவர் நகர்வதற்காகக் காத்திருந்ததை, எங்களைக் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டோம்.

ஒருவர் வழிகாட்ட இன்னொருவர் நடப்பது தமிழுக்குப் புதிதில்லை. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைதான். பரிசில் பெற்றுத் திரும்புகிறவன், வறுமையோடு எதிரே வருகிற இன்னொருவனை நிறுத்தி, எந்தக் காட்டு வழி, எந்த நிலத்தில் என்ன மரம், எங்கே என்ன சோறு கிடைக்கும் என்று சொல்லி அனுப்புகிறான். வள்ளலைப் புகழ்வதற்கான வடிவம், அரசு சார்ந்த வடிவம் என்றெல்லாம் நாம் விமர்சிக்கலாம், விமர்சித்திருக்கிறோம். ஆனாலும் அதன் அடிப்படை உறவு ஒன்று உண்டு: கிடைத்தவர் கிடைக்காதவருக்குச் சொல்வது. அதுவும் அந்த வழியைத் தன் காலால் நடந்து பார்த்தவர், தன்னைப் போன்ற இன்னொரு கலைஞருக்குச் சொல்வது. இன்றைய குழு நடையில் கிடைத்தவர்கள் கிடைத்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நடந்து நடந்து வழி அறிந்தவர் ஓரத்தில் நிற்கிறார்.

இனி கையெழுத்து விஷயம்.

எங்கள் பூங்கா அப்போது காலை பத்து மணிக்கு மூடி மாலை நாலு மணிக்குத் திறக்கும். கோயில் நடை சாத்துகிற மாதிரி பூங்காவுக்கும் நடை சாத்துவார்கள். கோயிலிலாவது சாமி ஓய்வெடுக்கிறது என்று ஒரு காரணம் சொல்வார்கள். வெயில் உச்சிக்கு வந்து நிழல் தேவைப்படுகிற நேரத்தில் நிழலைப் பூட்டி வைப்பதற்கு என்ன காரணம்? ஆகவே நிழல் வேண்டியவர்கள் திறந்திருக்கிற காலை நேரத்திலேயே வந்து படுத்தார்கள். இரவுப் பணி முடிந்த ஏ.டி.எம். காவலாளி ஒருவர். பூக்கட்டும் ஒரு பாட்டி. வீட்டு வேலை செய்யும் ஒரு பெண். ஆறு மணி வீட்டை முடித்து ஒன்பது மணி வீட்டுக்குப் போகும் வரை, நாற்பது நிமிடம், சிமெண்ட் பெஞ்சில் காலை நீட்டிப் படுத்திருப்பார். அவர் மணிக்கட்டில் கடிகாரம் இருந்திருந்தால் எங்கள் எல்லோரையும் தோற்கடித்திருக்கும்.

குழுவில் முணுமுணுப்பு வந்தது. உட்கார இடமில்லை, பாதுகாப்பில்லை. மனு தயாரித்தார்கள், ஆங்கிலத்தில். ‘சார் எழுதறவரு’ என்று என்னிடம் திருத்தக் கொடுத்தார்கள். இரண்டு இடத்தில் இலக்கணம் சரிசெய்தேன். ‘சமூக விரோதிகள் பெஞ்சுகளை ஆக்கிரமித்துள்ளனர்’ என்கிற பொருளில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததும் எனக்குள் இருந்த தோழர் விழித்துக்கொண்டார். பாவம், அவர்களைச் சமூக விரோதி என்பதா? அடித்துவிட்டு, ‘நடைப்பயிற்சி மேற்கொள்ளாதோர்’ என்கிற பொருளில் மாற்றினேன். யாரையும் இழிவுபடுத்தாத சொல். நாசூக்கான சொல். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். நாற்பத்திரண்டு கையெழுத்து, ஏழாவது என்னுடையது.

இரண்டு மாதத்தில் பெஞ்சுகளின் நடுவே இரும்புக் கம்பி வைத்தார்கள். உட்காரலாம், படுக்க முடியாது. வாசலில் பலகை: ‘நடைப்பயிற்சி மேற்கொள்வோருக்கு மட்டும்’. என் சொல். சமூக விரோதி என்றிருந்தால் அந்தப் பெண் ‘நான் அப்படிப்பட்டவ இல்ல’ என்று வாதாடியிருக்கலாம். நடக்காதவர் என்று சொன்னால் எப்படி வாதாடுவது? உண்மையிலேயே அவர் படுத்துக்கொண்டுதானே இருந்தார். காவலாளி பிரம்பால் பெஞ்சைத் தட்டி, ‘எந்திரிம்மா, நடக்கறதுன்னா நட, இல்லாட்டி வெளிய போ’ என்று சொன்னபோது நான் ஐந்தாவது சுற்றில் இருந்தேன். நிற்கவில்லை. நின்றால் இதயத் துடிப்பு இறங்கிவிடும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சொல்லாடல் எப்படி விலக்கப்பட்டவர்களை உற்பத்தி செய்கிறது என்பது பற்றி நான் இரண்டு கட்டுரை எழுதியவன். இவ்வளவு சுருக்கமாக அதை ஒருபோதும் எழுதியதில்லை.

இதைத் தனிமனித ஒழுக்கப் பிரச்சினையாக விட்டுவிட முடியாது. பூங்காவில் யார் எதற்காகக் கூடலாம் என்பது எப்போதும் அதிகாரத்தின் கேள்வி. லண்டனில் 1866 ஜூலையில் வாக்குரிமை கேட்டு வந்தவர்களுக்கு ஹைட் பார்க்கின் கதவைச் சாத்தினார்கள். கூட்டம் கம்பி வேலியைப் பிடுங்கிப் போட்டு உள்ளே போனது. 1872இன் பூங்காச் சட்டமும் பேச்சாளர் மூலையும் அந்த வேலியின் மிச்சங்கள். சென்னையில் ஆளுநர் டிரெவெல்யன் காலத்தில் உருவான பீப்பிள்ஸ் பார்க் நூறு ஏக்கருக்கு மேல் விரிந்து கிடந்தது. அங்கிருந்த மிருகக்காட்சி சாலையை நம் சனங்கள் உயிர் காலேஜ் என்றார்கள். அருங்காட்சியகம் செத்த காலேஜ். 1985இல் உயிர் காலேஜ் வண்டலூருக்குப் போனது. மக்களின் பெயரால் இருந்த அந்த நிலத்தில் விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக வந்தன. நகரின் பூங்காக்களுக்குப் பொறுப்பான மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையும் அதே நிலத்தில்தான் எழுந்தது.

இன்னொன்று. 1920களில் நீதிக் கட்சி ஆட்சியில் எழுந்த தியாகராய நகரின் பூங்காக்களுக்கு நடேசனார் பெயரும் பனகல் அரசர் பெயரும். யார் எந்த அலுவலகத்துக்குள், எந்தப் பள்ளிக்குள், எந்தத் தெருவுக்குள் நுழையலாம் என்று போராடிய காலத்தின் பெயர்கள் அவை. அதே ஆண்டுகளில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காகப் பெரியார் சிறைக்குப் போனார். உள்ளே போவதற்கல்ல, வெளியே நடப்பதற்கு. 1938இல் இந்தி எதிர்ப்புப் படை திருச்சியிலிருந்து சென்னை வரை நடந்தே வந்தது, மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அந்த நடையில் இருந்தார். கூட்டமாக நடப்பது என்றால் நம் தாத்தா பாட்டிகளுக்கு இதுதான் நினைவுக்கு வந்திருக்கும். நண்பர் ‘ஊர்வலமா?’ என்று கேட்டது வெறும் கிண்டல் இல்லை. 2017 ஜனவரியில் மெரினா நிறைந்தது. அதன் பிறகு அங்கே போராட அனுமதியில்லை என்றார்கள். 2018இல் உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. அதே மணலோரம் விடியற்காலையில் நூற்றுக்கணக்கில் கூட்டமாக நடந்தால் யாரும் அனுமதி கேட்பதில்லை. இந்த நகரத்தில் கேள்வி கேட்கப்படாத கூட்டம் நாங்கள்தான். அந்தச் சலுகையை வைத்துக்கொண்டு நாங்கள் செய்தது ஒரு மனு.

‘அப்ப அதை விட்டுத் தொலைங்க’ என்கிறார்கள் சில தோழர்கள். விடுவது சுலபம். விட்டால் சேலைக்குக் கீழே ஷூ போட்ட அந்த அம்மாவுக்கு நான் சொல்லப்போவது என்ன? தவிரவும், தெருமுனைக் கூட்டத்துக்கு இருபது பேர் சேர்க்கத் திணறும் நாம், தினமும் தானாகக் கூடும் நாற்பது பேரை நடுத்தர வர்க்கம் என்று ஒரு சொல்லில் கழித்துவிட்டுப் போவது கொஞ்சம் ஆடம்பரம்.

போன வருடம் பெருக்கும் அம்மாவிடம் மர நடையை நடத்தித் தர முடியுமா என்று கேட்டேன். ‘பெருக்கறது யாரு சார்? ஒப்பந்தக்காரரு அரை நாள் பிடிச்சுப்பாரு’ என்றார். சந்தாப் பணத்தில் அரை நாள் கூலி கொடுப்பதற்குக் குழுவில் மூன்று வாரம் விவாதம் நடந்தது. கடைசியில் ஒரு ஞாயிறு நடந்தது. பதினான்கு பேர் வந்தார்கள். லத்தீன் சொன்ன இளைஞரும் வந்தார், நோட்டுப் புத்தகத்தோடு. அந்த அம்மா பேசியதில் பாதி மரம், பாதி குப்பை: நடப்பவர்கள் தண்ணீர் பாட்டிலை எந்தெந்தப் புதரில் செருகிவிட்டுப் போகிறார்கள் என்று இடம் இடமாகக் காட்டினார். இரண்டு பேருக்கு முகம் சுருங்கிவிட்டது. மறு மாதம் நடை நடக்கவில்லை.

பூங்கா இப்போது பகலிலும் திறந்திருக்கிறது. கம்பியும் பலகையும் அப்படியே இருக்கின்றன. இவற்றை எடுக்கச் சொல்லி இன்னொரு மனு எழுதினேன், இந்த முறை தமிழில். ‘இளைப்பாறுவோர்’ என்று ஒரு சொல் போட்டிருந்தேன். ஷூ போட்ட அம்மா படித்துவிட்டு, ‘தூங்கறவங்கன்னே எழுதுங்க சார்’ என்றார். மாற்றினேன். முதல் கையெழுத்து அவருடையது. இதுவரை பதினொன்று வந்திருக்கிறது. பல் மருத்துவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். வீட்டு வேலை செய்யும் பெண் இப்போது சுற்றுச்சுவருக்கு வெளியே, மின்மாற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவது சுற்றில் கம்பி வழியாக அவர் முதுகு தெரிகிறது. அவரிடம் இன்னும் நான் மனுவைக் காட்டவில்லை.